யூதச் சிறுவரின் பள்ளியும் பண்டிகையும்



பன்னிரண்டு வயதான சேசு பாலகர் எருசலேம் தேவாலயத்தில் காணாமற்போய், மூன்றாம் நாள் கண்டடையப்பட்டதை நாம் ஜெபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்களின் ஐந்தாவதாகத் தியானிக்கிறோம். அன்னை மரியாளும் அர்ச். சூசையப்பரும் அவரை எந்த நிலையில் கண்டார்கள்? வேதபாரகரின் நடுவில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கவனித்துக்கொண்டும், அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். அங்கே நம் ஆண்டவர் முதலில் ஒரு மாணாக்கனாகக் காணப்பட்டார் என்பதை நாம் கவனிப்பதில்லை. கேட்பதும் கேள்வி எழுப்புவதும் அவர் பிறந்த ஜனத்தின் பிள்ளைகளுக்குச் சிறுவயது முதல் பழக்கப்பட்டவை.

அந்த ஜனம் இன்றும் தன் பிள்ளைகளுக்கு அப்படியே வேதம் கற்பித்து வருகிறது. அவர்களுடைய பள்ளியைப் பற்றியும், பள்ளியில் பண்டிகைகள் எப்படிப் பாடமாகின்றன என்பதைப் பற்றியும் இந்த வாரம் படிப்போம். இதனால் நமக்கு இரண்டு நன்மைகள் உண்டு. பிள்ளைகளின் ஞானோபதேசத்தை உபதேசியாரிடமும் கன்னியாஸ்திரீகளிடமும் ஒப்படைத்துவிட்டு, நாம் கைகழுவியிருக்கிறோமா என்று நம்மையே சோதித்துக்கொள்ளலாம். யூதரைப் பற்றி நம் பிள்ளைகள் காதில் என்ன விழுகிறது என்பதையும் சீர்தூக்கிப் பார்க்கலாம்.

தகப்பனில்லாப் பிள்ளை

வேதத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியவன் தகப்பனே என்பது மோயீசன் காலம் முதல் யூதருக்குள்ள கட்டளை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பிள்ளையோடு அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உபாகமம் கற்பிக்கிறது. நாசரேத்தூரில் தச்சுப் பட்டறைக்கு அருகே அந்தக் கடமையை நிறைவேற்றியவர் அர்ச். சூசையப்பர் என்று நாம் கருத இடமுண்டு.

ஆனால் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு யார் கற்பிப்பார்? யூதரின் தல்மூது என்னும் பெருநூல் இதைப் பற்றி ஒரு வரலாறு கூறுகிறது. முதலில் தகப்பன் உள்ள பிள்ளை கற்றது. இல்லாத பிள்ளை கல்லாமல் நின்றது. ஆகையால் எருசலேமில் ஆசிரியரை ஏற்படுத்தினார்கள். அப்போதும் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகத் தகப்பன் வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு மாகாணத்திலும் ஆசிரியரை வைத்து, பதினாறு பதினேழு வயதில் சேர்த்தார்கள். அந்த வயதுப் பையன்களோ, ஆசிரியர் ஒரு வார்த்தை கடிந்துகொண்டால் எழுந்து வெளியே போய்விட்டார்களாம்! வாலிபர் உள்ள வீட்டார் இதைப் படித்துப் புன்னகை செய்யக்கூடும். கடைசியில் கி.பி. 64-ம் ஆண்டையொட்டி, யோசுவா பென் கம்லா என்ற பெரிய குரு ஊர்தோறும் ஆசிரியரை நியமித்து, ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். அவரில்லாவிட்டால் இஸ்ராயேலில் வேதமே மறக்கப்பட்டிருக்கும் என்று பின்வந்தவர்கள் நன்றியோடு அவரை நினைவுகூர்ந்தார்கள்.

அதே நூலில் வகுப்பின் அளவும் சொல்லப்பட்டிருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 பேரானால் ஓர் உதவியாள் வேண்டும். 50 பேரானால் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். பிள்ளையை அடித்தே தீரவேண்டுமென்றால் செருப்பு வாரினால் மட்டுமே தட்டலாம். கவனியாத பிள்ளையை விரட்டாமல், கவனிக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்றும் புத்திமதி இருக்கிறது. ஏட்டில் இருந்ததெல்லாம் எப்போதும் நடைமுறையில் இருந்ததென்று எண்ண வேண்டாம். கிழக்கு ஐரோப்பாவில் ‘கேதர்’ எனப்பட்ட பள்ளிகள் பெரும்பாலும் ஆசிரியரின் வீட்டிலேயே ஓர் அறையாக இருந்தன. அந்தச் சொல்லுக்கே ‘அறை’ என்றுதான் அர்த்தம். நெரிசலையும் பிரம்படியையும் அங்கே படித்த அநேகர் தங்கள் நினைவுக் குறிப்புகளில் வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். என்றாலும் ஏழை வீட்டுப் பிள்ளையும் எழுத்தறிந்து வேதம் வாசித்ததற்கு அந்தச் சிற்றறைகளே காரணம்.

தேன் பூசிய எழுத்து

எபிரேய மொழிக்கு எழுத்துக்கள் 22. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அவை எல்லாம் மெய்யெழுத்துக்களே. உயிரொலிகளைக் காட்டச் சிறு புள்ளிகளும் கோடுகளும் உண்டு. ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படும் தோற்சுருளில் அந்தக் குறிகள் இராது. நம் பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வையாமல் எழுதியிருப்பதைப் பார்த்தவர்கள், அப்படி வாசிப்பதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்பதை அறிவார்கள். ஆகையால் பிள்ளை முதலில் குறிகளோடு கற்று, பிறகு குறியில்லாமல் வாசிக்கப் பழகுகிறது.

இந்த எழுத்துக்களைத் தொடங்கும் நாளுக்கு ஓர் அழகான வழக்கம் இருந்தது. மத்திய காலத்தில் ஜெர்மனியிலும் பிரான்சு தேசத்திலும், யூதரின் பெந்தெகொஸ்தே திருநாளன்று, சிறு பையனைப் போர்வையில் சுற்றி ஆசிரியரிடம் தூக்கிச் செல்வார்கள். ஆசிரியர் அவனை மடியில் அமர்த்தி, பலகையில் எழுதிய எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பார். பின்பு எழுத்துக்களின்மேல் தேனைத் தடவி, பிள்ளையை நக்கச் சொல்வார். வேத வாக்கியம் எழுதிய தேன் பணியாரமும் அவித்த முட்டையும் கொடுப்பார்கள். ஆண்டவருடைய வார்த்தை தேனைவிட இனிமையானது என்று சங்கீதம் பாடுகிறதல்லவா? அதை விளக்கிச் சொல்லுமுன்பே பிள்ளையின் நாவில் வைத்துவிட்டார்கள். இந்நாளிலும் அநேக யூதப் பள்ளிகளில் முதல் நாள் எழுத்தைத் தேனோடு தொடங்குகிறார்கள்.

முதலில் எந்தப் புத்தகத்தைக் கற்பித்தார்கள்? நாமாயிருந்தால் உலக சிருஷ்டிப்பில் தொடங்குவோம். கேதர் பள்ளிகளிலோ பலிகளைப் பற்றிய லேவியராகமத்தில் தொடங்குவது வழக்கமாயிருந்தது. பலிகள் பரிசுத்தமானவை, குழந்தைகளும் மாசற்றவர்கள். ஆகையால் மாசற்றவர்கள் வந்து பரிசுத்தமானதில் ஈடுபடட்டும் என்பது அவர்களுடைய பழைய போதகர்கள் சொன்ன காரணம்.

பண்டிகையே பாடநூல்

இன்றைய யூதப் பள்ளிகளில் சில முழுநேரப் பள்ளிகள். வேறு சில, நம் ஞானோபதேச வகுப்புகளைப் போல ஞாயிறு காலையிலோ வாரநாள் மாலையிலோ ஜெப ஆலயத்தை அடுத்து நடப்பவை. எதுவானாலும் அங்கே பாடத்திட்டத்தை வகுப்பது பெரும்பாலும் திருநாட்களின் வரிசையே. அந்த வரிசையைச் சற்றுப் பின்தொடர்வோம்.

ஆண்டுப் பிறப்பு செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். பிள்ளைகளும் ஊதிப்பார்த்து, சத்தம் வராமல் சிரிப்பார்கள். இனிய ஆண்டு வேண்டி ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து உண்பார்கள். பத்தாம் நாள் பாவப் பரிகாரத் திருநாள். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் உபவாசம். சிறு பிள்ளைகளுக்கு அந்தக் கடமையில்லை. வயது ஏற ஏறச் சில மணி நேரம் பொறுத்திருந்து பழகுகிறார்கள். தேவனிடம் மன்னிப்புக் கேட்குமுன், தான் நோகச் செய்த மனிதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் அந்நாட்களின் பாடம்.

அடுத்து வருவது கூடாரத் திருநாள். வனாந்தரத்தில் முன்னோர் தங்கியதன் நினைவாகக் குடில் கட்டி, தழைகளால் கூரை வேய்கிறார்கள். இரவில் அதன் வழியே நட்சத்திரம் தெரியும்படி கூரை இருப்பது நல்லது என்பார்கள். காகிதச் சங்கிலிகளும் பழங்களும் தொங்கவிட்டு அலங்கரிப்பது பள்ளிப் பிள்ளைகளின் வேலை. அதன் முடிவில் ‘வேதத்தின் மகிழ்ச்சி’ என்னும் திருநாள். மோயீசனின் ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து, ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். கடைசி வரியை வாசித்த அன்றே ஆதியாகமத்தின் முதல் வரியை மறுபடி தொடங்குவார்கள். வேதத்தைக் கற்பதற்கு முடிவில்லை என்று காட்டவே இவ்வாறு செய்கிறார்கள். சுருள்களைச் சுமந்துகொண்டு ஆடிப் பாடுவார்கள். சிறு பிள்ளைகள் எல்லோரையும் ஒரு பெரிய ஜெபப் போர்வையின் கீழ் நிறுத்தி ஆசீர்வதிப்பார்கள். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட ஜெப ஆலயத்தையுடைய கொச்சி யூதரும் இத்திருநாளை வெகு விமரிசையாகக் கொண்டாடியவர்கள். 1948-ல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள்.

குளிர்காலத்தில் ஹனுக்கா. கி.மு. 164-ல் மக்கபேயர் அசுத்தப்படுத்தப்பட்ட தேவாலயத்தைச் சுத்திகரித்து மறுபடி அர்ச்சித்ததன் நினைவு இது. முதல் இரவு ஒரு தீபம், இரண்டாம் இரவு இரண்டு, இப்படி எட்டு இரவுகள். ஏற்றப் பயன்படும் துணைத் தீபத்தையும் சேர்த்தால் மொத்தம் 44 மெழுகுதிரிகள் என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். நான்கு எழுத்துக்கள் பொறித்த பம்பரம் சுற்றி விளையாடுவார்கள். தூர தேசத்துப் பிள்ளைகளின் பம்பரம் ‘அங்கே’ பெரிய அற்புதம் நடந்ததைக் குறிக்கும். இஸ்ரேல் நாட்டில் ஓர் எழுத்தை மாற்றி ‘இங்கே’ என்று குறிப்பார்கள். நமக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. மக்கபேயர் ஆகமங்கள் யூதரின் வேதாகமத்தில் சேர்க்கப்படவில்லை. கத்தோலிக்கராகிய நம் வேதாகமத்தில் இருக்கின்றன. குளிர்காலத்தில் இந்த அர்ச்சிப்புத் திருநாளன்று சேசுநாதர் தேவாலய மண்டபத்தில் உலாவினார் என்று அர்ச். அருளப்பரும் எழுதியிருக்கிறார்.

மார்ச் மாதத்தையொட்டி வருவது பூரிம். எஸ்தேர் ஆகமத்தை வாசிக்கும்போது, ஜனங்களை அழிக்கச் சதிசெய்த ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பை சுழற்றி, காலால் தரையை உதைத்து, அந்தப் பெயரே கேளாதபடி கூச்சலிடலாம். அன்று வேஷம் போட்டு வருவார்கள். ஜெப ஆலயத்தில் சத்தம் போட அனுமதி கிடைக்கும் நாளை எந்தப் பிள்ளை மறக்கும்? ஆனால் அதே நாளில் இரண்டு கடமைகள் உண்டு: அயலாருக்குத் தின்பண்டம் அனுப்புவது, ஏழைகளுக்குக் கொடை கொடுப்பது. தர்ம உண்டியலில் காசு போடுவதும் யூதப் பள்ளிகளில் வாடிக்கை. அநேக பள்ளிகளில் வெள்ளிக்கிழமைதோறும் ஓய்வுநாள் தொடங்குமுன் பிள்ளைகள் காசு போடுகிறார்கள்.

பாஸ்கா இரவும் நான்கு பிள்ளைகளும்

எல்லாவற்றிலும் பெரியது பாஸ்கா. அதற்காகப் பள்ளியில் பல வாரம் ஒத்திகை நடக்கும். ஆனால் பண்டிகை நடக்குமிடம் வீடு. முந்தின இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் புளித்த மாவுப் பண்டம் தேடுவார்கள். பாஸ்கா பந்தியில் புளியாத அப்பம், அடிமைத்தனத்தை நினைவூட்டும் கசப்புக் கீரை, கண்ணீரைக் குறிக்கும் உப்புத் தண்ணீர், செங்கல் வேலையின் சாந்தை ஒத்த பழக்கலவை ஆகியவை இருக்கும். பந்தியிலிருப்போரில் இளைய பிள்ளை எழுந்து, மற்ற இரவுகளுக்கும் இந்த இரவுக்கும் ஏன் வித்தியாசம் என்று விசாரிக்க வேண்டும். தகப்பனும் மற்றவர்களும் அதற்கு மறுமொழியாக எகிப்திலிருந்து புறப்பட்ட சரித்திரத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்த இரவின் வழிபாடே பிள்ளையின் கேள்வியை நம்பி நிற்கிறது!

அன்று வாசிக்கும் புத்தகத்தில் நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்படுகிறது: அறிவுள்ளவன், துஷ்டன், பேதை, கேட்கவே தெரியாதவன். ஒவ்வொருவனுக்கும் அவனவனுக்குத் தகுந்த பதில் உண்டு. எதிர்த்துப் பேசுகிறவனுக்குக் கண்டிப்பான பதில் கிடைத்தாலும், அவனும் பந்தியில்தான் இருக்கிறான். அவன் ஆசனத்தை எடுத்துப்போட்டார்கள் என்று சொல்லப்படவில்லை. கேட்கவே தெரியாதவனுக்கோ பெற்றோரே பேச்சைத் தொடங்கிவைக்க வேண்டும். எகிப்தியருக்கு வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, கிண்ணத்திலிருந்து பத்துத் துளி இரசம் சிந்துவார்கள். பகைவனும் துன்பப்பட்டானென்றால் நம் சந்தோஷக் கிண்ணம் நிறைந்திருக்கலாகாது என்று பிள்ளைகளுக்கு விளக்கம் கூறுகிறார்கள். ஒரு துண்டு அப்பத்தை ஒளித்துவைத்து, கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதும் உண்டு. நள்ளிரவு வரை பிள்ளைகள் விழித்திருக்க அது நல்ல உபாயம்.

சேசுநாதர் தம் பாடுகளுக்கு முந்தின இரவில் சீடரோடு பாஸ்கா பந்தியமர்ந்தார் என்று மூன்று சுவிசேஷகர் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஓர் எச்சரிக்கை. இன்று யூதர் அனுசரிக்கும் முறையின் பெரும்பகுதி, கி.பி. 70-ல் தேவாலயம் அழிந்த பிறகு உருவானது. அதை அப்படியே எடுத்து நாம் நடித்துக் காட்டுவது அவர்களுக்கும் மரியாதையல்ல, நமக்கும் தேவையில்லை. நமக்குத் திவ்விய பலிபூசை இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிள்ளைக்குக் கேட்க இடம் கொடுக்கும் அந்த வழக்கத்தையே.

பெண்கள் தொடங்கிய பள்ளிகள்

பழைய கேதர் பள்ளிகள் பெரும்பாலும் பையன்களுக்கானவை. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தவர்களில் இரண்டு பெண்களை நினைவுகூர்வோம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ரெபேக்கா கிராட்ஸ் என்பவர் 1838-ல் ஓர் எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளியைப் பார்த்தே அந்த முறையைக் கைக்கொண்டார். ஆண் பெண் இரு பாலாரும் இலவசமாகப் படித்தார்கள், கற்பித்தவர்கள் பெண்கள். ஆரம்பத்தில் தகுந்த புத்தகம் கிடையாது. ஆகையால் கிறிஸ்தவப் பாடநூல்களை வாங்கி, தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாத பதில்களின்மேல் காகிதத் துண்டு ஒட்டி உபயோகித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவரே அப்பள்ளியை நடத்தினார். போலந்து தேசத்துக் கிராக்கோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண், 1917-ல் 25 சிறுமிகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். அவர் 1935-ல் இறந்தார். 1930-களின் இறுதிக்குள் அந்த வழியில் ஐரோப்பாவில் 200-க்கு மேற்பட்ட பள்ளிகள் எழும்பியிருந்தன. புத்தகம் இல்லை, பணம் இல்லை, படித்தவர் இல்லை என்று நாம் சாக்குச் சொல்லும்போது இவர்களை நினைத்துக்கொள்வோம்.

நாம் சரியாகக் கற்பிக்க வேண்டியது

அந்தப் பள்ளிகளுக்குப் பிறகு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. இரண்டாம் உலக யுத்தத்தில் நாசிகள் ஏறக்குறைய 60 லட்சம் யூதரைக் கொன்றார்கள். அவர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் பிள்ளைகள். வார்ஸாவில் மதிலுக்குள் அடைக்கப்பட்டு, பள்ளிகள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலும், யூத ஆசிரியர்கள் பட்டினியோடு இரகசியமாக வகுப்பு நடத்தினார்கள். கொலை செய்தவர்களில் ஞானஸ்நானம் பெற்ற அநேகரும் இருந்தார்கள் என்பது நம்மை வெட்கித் தலைகுனியச் செய்யும் உண்மை. யூதரெல்லாம் ஆண்டவரைக் கொன்றவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பேச்சு, அந்தப் பகைக்கு உரமிட்டது.

திருச்சபையின் போதனை என்ன? நம் பாவங்களே கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்தன என்றும், அவரை அறிந்தும் பாவம் செய்யும் நம்முடைய குற்றம் யூதருடையதைவிடப் பெரியது என்றும், 1566-ல் வெளிவந்த உரோமை ஞானோபதேச நூலே போதித்திருக்கிறது. பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1959-ல் பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரை இழிவாகக் குறித்த சொல்லை நீக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் வெளியிட்ட ‘நொஸ்திரா ஏத்தாத்தே’ என்னும் ஏடு, ஆண்டவருடைய பாடுகளில் நடந்ததை அக்காலத்து யூதர் எல்லோர் மேலும், இக்காலத்து யூதர் மேலும் சுமத்தலாகாது என்று தெளிவாகக் கற்பித்தது. 1986-ல் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் உரோமை ஜெப ஆலயத்துக்கே சென்று, யூதரை நம் மூத்த சகோதரர் என்று பாராட்டினார்.

ஆகவே பெற்றோர்களே, சிலுவைப்பாதையிலும் பாஸ்கு நாடகத்திலும் யூதர் என்ற சொல்லைப் பிள்ளைகள் வசையாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், அன்றிரவே திருத்துங்கள். சேசுவும் யூதர், தேவமாதாவும் யூத ஸ்திரீ, இராயப்பரும் சின்னப்பரும் யூதர். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லாவிட்டால் அந்த வசை பிள்ளையின் மனதில் ஆயுள் முழுவதும் தங்கும்.

நம் வீட்டுக்கு

புதுநன்மை வாங்கும் வரையில் வகுப்புக்குத் தவறாமல் வருகிற பிள்ளைகள், உறுதிபூசுதல் ஆனதும் மெல்ல மறைந்துவிடுகிறார்கள். யூதப் போதகர்களுக்கும் இதே கவலை உண்டு. 13 வயதில் வேதக் கட்டளைகளுக்கு உட்படும் சடங்கு முடிந்ததும் பள்ளியை விட்டுவிடும் பிள்ளைகள் அங்கும் அநேகர். வகுப்பு மட்டும் போதாது என்பதற்கு இதுவே அத்தாட்சி. வகுப்பில் விதைத்ததற்கு வீட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மூன்று எளிய காரியங்கள்:

1. சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின், மறுநாள் பூசையின் சுவிசேஷத்தைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். வாசித்தபின் இளைய பிள்ளை ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஒழுங்கு வையுங்கள். பதில் தெரியாவிட்டால், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மறவாமல் விசாரித்துச் சொல்லுங்கள். வாயை மூடு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

2. ஒவ்வொரு திருநாளிலும் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். குடில் கட்டுவது, குருத்தோலை பின்னுவது, கல்லறைத் திருநாளில் தாத்தா பாட்டியின் கல்லறையைக் கழுவி மெழுகுதிரி ஏற்றுவது. செய்தபின், ஏன் செய்கிறோம் என்றும் சொல்லுங்கள்.

3. ஞாயிறு காலையில் கோவிலுக்குப் புறப்படுமுன், ஏழைகளுக்கென்று வைத்த உண்டியலில் பிள்ளை தன் கையால் காசு போடட்டும். தொகை முக்கியமல்ல, பழக்கமே முக்கியம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

அ. நம் பிள்ளை விசுவாசத்தைப் பற்றிக் கடைசியாகக் கேட்ட கேள்வி எது? நாம் என்ன பதில் சொன்னோம்?

ஆ. நான்கு பிள்ளைகளில் நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கேட்கவே தெரியாமலிருக்கும் பிள்ளைக்கு நாம் எப்படித் தொடங்கிக் கொடுப்போம்?

இ. பெரிய வெள்ளியின் நிகழ்ச்சிகளை யாரையும் பகையாமல் பிள்ளைக்கு எப்படிச் சொல்வோம்?

நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தின் வீட்டில் ஒரு பிள்ளை கேட்டது, பெற்றோர் சொன்னார்கள், அவர் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார். உங்கள் வீடுகளிலும் அவ்வாறே கேள்வியும் பதிலும் ஜெபமும் விளங்க, அந்தத் திருக்குடும்பத்தின் வழியாக உங்களை ஆசீர்வதிக்கிறோம்.

சேசுவின் ஊழியத்தில்,
உங்கள் பங்குச் சுவாமி